ஓய்வின் முதல் நிமிடத்தை எழுதுங்கள்

தொழில் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்கிறது அரசு. வரவேற்கிறோம். ஆனால் இதயத் துடிப்பை எப்போது, எப்படி அளப்பது என்று இசிஜி எடுக்கும் நம் துறை இப்போதே வாய் திறக்காவிட்டால், மரக்காணத்தில் உப்புக் கூடை சுமக்கும் பெண்ணும் மின்விசிறிக்கடியில் கணக்கு எழுதுபவரும் ஒரே '78' உடன் தேறிவிடுவார்கள்.

பரிசோதனை முகாம்களில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். வரிசையில் உட்காரவைத்து, பெயர் பதிந்து, இரத்த அழுத்தம் பார்த்து, கடைசியில் பத்து வினாடி இசிஜி. வெயிலில் ஏறிய துடிப்பு அதற்குள் இறங்கியிருக்கும். வெப்பச் சுமையைக் காட்டுபவை வேலை நடுவே நீடிக்கும் துடிப்பும், கூடையை இறக்கியபின் வரும் மீட்சியும்தான். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார அமைப்பான ஏசிஜிஐஎச்-இன் அளவுகோலின்படி, பல நிமிடம் நீடிக்கும் துடிப்பு 180-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணைத் தாண்டினால் எச்சரிக்கை. 45 வயதுக்காரருக்கு அது 135. உச்ச உழைப்பு முடிந்து ஒரு நிமிடம் கழித்தும் 120-க்கு மேல் இருந்தாலும் அப்படியே.

இந்த ஒரு நிமிடத்தில்தான் ஆர்-ஆர் இடைவெளிக் கணக்கு, அதாவது இசிஜியில் அடுத்தடுத்த இரு ஆர் அலைகளுக்கு இடையிலான நேரக் கணக்கு, கறாராக வேண்டும். 1000 மில்லிவினாடியில் 10 மில்லிவினாடி பிசகினால் துடிப்பில் 0.6தான் மாறும். 500-இல் அதே பிசகு 120-ஐ 122.4 ஆக்கிவிடும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குபவர் ஒரு துடிப்பை விட்டால் நான்கு போச்சு. 500, 1000 என இரண்டு இடைவெளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனி வேகங்களைச் சராசரி செய்தால் 90. இடைவெளிகளைச் சராசரி செய்து 60,000-ஐ வகுத்தால் 80. மீட்சியில் இடைவெளி நொடிக்கு நொடி நீள்வதால், எந்தச் சராசரி, எத்தனை வினாடிக்கு என்று சொல்லாத கருவியின் எண்ணை ஏற்கவே கூடாது. வியர்வையில் மின்முனை நழுவி ஓர் ஆர் அலை தவறினால் 400 மில்லிவினாடி 800 ஆகும். 150-இல் துடிக்கும் இதயம் 75 என்று பதிவாகும். மணிக்கட்டுக் கருவிகளின் கதை இதைவிட மோசம். நெஞ்சுப் பட்டையும் மூல இடைவெளிப் பதிவும் இல்லாத அளவீட்டை இந்த இதழ் ஆதரிக்காது.

ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தது. வேலைக்கு முன்னும் பின்னும் துடிப்பை அளந்தது. பத்தில் ஒன்பது பேர் வரம்பு மீறிய வெப்பத்தில் உழைத்தார்கள். ஆக, உப்பளத்தில் அளக்க முடியாது என்ற சாக்கு செல்லாது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் வெப்பத்தால்தான் இறந்தார் என்று சான்று வேண்டும். எதை வைத்துச் சான்று தருவது? 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தபோது நஞ்சை ஆய்வகம் காட்டிக்கொடுத்தது. குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவிக்கப்பட்டது. வெப்பம் அப்படி ஒரு தடயத்தைப் பிணக்கூராய்வு மேசையில் விட்டுவைப்பதில்லை. பாத்தியில் சுருண்டு விழுந்தவர் 'மாரடைப்பு' என்று எழுதப்பட்டுப் புதைக்கப்படுகிறார். உயிரோடிருந்தபோது அவர் இதயம் எப்படித் திணறியது என்ற பதிவு இருந்திருந்தால் குடும்பம் காட்ட ஒரு தாளாவது மிஞ்சியிருக்கும். அந்தத் தாளை உருவாக்கச் சொல்லாமல் சான்று மட்டும் கேட்பது அநியாயம். போதாக்குறைக்கு, பத்துப் பேருக்குக் குறைவான சிறு உப்பளங்கள் பொதுவாக இந்தச் சட்டத் தொகுப்பின் 'நிறுவனம்' என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை.

பரிசோதனைப் படிவத்தில் வேலை நடுத் துடிப்பு, முதல் நிமிட மீட்சி, மூன்றாம் நிமிட மீட்சி என மூன்று கட்டங்களைத் தொழிலாளர் துறை சேர்க்க வேண்டும். பரிசோதனை உப்பள வரப்பிலேயே, உச்சி வெயில் வேளையில் நடக்க வேண்டும். துறை அசையும்வரை நம் உறுப்பினர்கள் காத்திருக்க வேண்டாம்: 'குறிப்புகள்' கட்டத்தில் இடைவெளிகளை மில்லிவினாடியில் எழுதி, இசிஜித் தாளின் ஒரு படியைத் தொழிலாளி கையிலேயே கொடுத்துவிடுங்கள்.