கேஜிஎஃப்பின் ‘பிரமிடு’கள்: மண் மேட்டுல தங்கம் இருக்கு சரி, தண்ணிக்கு என்ன வழி?

பேத்தமங்களாவில் இருந்து கேஜிஎஃப்புக்கு பைக்கில் போயிருக்கிறீர்களா? ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது சாம்பல் நிற மண் மலைகள். உள்ளூரில் ‘சயனைடு மலை’ என்பார்கள். ‘கேஜிஎஃப்’ படத்தில் நீங்கள் பார்த்த அந்த வறண்ட நிலம் இங்கே படமாக்கப்பட்டதுதான். முதல் தடவை பார்க்கிறவர்கள் ‘எகிப்து மாதிரி இருக்கே’ என்று செல்ஃபி எடுப்பது வழக்கம்.

அந்த ஒப்பீடு சும்மா இல்லை. இந்த மலைகளும் மனிதர்கள் கட்டியவைதான். இப்போது இவற்றை மறுபடி உடைத்து தங்கம் எடுக்கும் திட்டம் பேச்சில் இருப்பதால், கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடுவோம்.

இந்த மலை எப்படி வந்தது?

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கோலாரில் சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. 1902-இல் காவிரியின் சிவனசமுத்திரத்தில் தயாரான மின்சாரம் முதலில் வந்தது பெங்களூருக்கு அல்ல, கேஜிஎஃப்புக்கு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனது. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்படும் வரை, 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன்.

தங்கம் பாறையில் கட்டியாக இருக்காது. குவார்ட்ஸ் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் போட்டால் தங்கம் மட்டும் கரைந்து வெளியே வரும். மிச்சமாகும் மாவை என்ன செய்வது? கொண்டுபோய்க் கொட்டினார்கள். மூன்று தலைமுறை கொட்டியதில் உருவானவைதான் இந்த மலைகள்.

எவ்வளவு பெரியவை என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கீசாவின் பெரிய பிரமிடு சுமார் 23 லட்சம் கற்களால் ஆனது, எடை ஏறக்குறைய 60 லட்சம் டன். கேஜிஎஃப் மண் மேடுகள் 3 கோடி டன்னுக்கும் மேல். அதாவது ஐந்து பெரிய பிரமிடுகளின் எடை நம் பக்கத்து ஊரில் கிடக்கிறது.

எகிப்தில் இருந்து தெரிந்துகொள்ள என்ன இருக்கு?

ரொம்ப காலம் பிரமிடு என்றாலே ‘உள்ளே எந்த ராஜா, எவ்வளவு புதையல்’ என்பதுதான் கேள்வி. கடந்த 35 ஆண்டுகளில் கேள்வி மாறியது: கட்டியது யார்? எப்படி?

1990-இல் கீசா அருகே பிரமிடு தொழிலாளர்களின் கல்லறைகள் வெளிவந்தன. எலும்புகளில் கடுமையான உழைப்பின் தேய்மானம் இருந்தது, முறிந்து ஒழுங்காகக் கூடிய எலும்புகளும் இருந்தன. அதாவது வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். சவுக்கடி வாங்கிய அடிமைகள் கட்டியது என்ற பழைய கதை அதோடு ஆட்டம் கண்டது.

2013-இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. மெரெர் என்ற மேற்பார்வையாளர் எழுதிய வேலை நாட்குறிப்பு அது. துராவில் சுண்ணாம்புக் கல்லை ஏற்றி, படகில் கீசாவுக்குக் கொண்டுவந்த கணக்கு. 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய டைம்ஷீட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2024-இல் வந்த இன்னொரு ஆய்வு, இன்று பாலைவன ஓரத்தில் நிற்கும் 31 பிரமிடுகள் ஒரு காலத்தில் நைல் நதியின் கிளை ஒன்றின் கரையில் இருந்தன என்றது. சுமார் 64 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கிளை பின்னாளில் மண்ணில் மூடிப்போனது. தண்ணீர் இல்லாமல் பிரமிடு இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

சரி, கேஜிஎஃப்பின் நைல் எது?

பேத்தமங்களா ஏரிதான். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு இந்த ஏரி வழியாகத்தான் ஆந்திராவுக்கும், பிறகு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூருக்கும் போகிறது. விஜயாதித்த மங்கலம் என்பது ஊரின் பழைய பெயர். 10-ஆம் நூற்றாண்டிலேயே நுளம்ப அரசர் காலத்தில் இந்த ஏரியின் கரை செப்பனிடப்பட்டிருக்கிறது. சுரங்கத்துக்கு சுமார் 900 ஆண்டுகள் மூத்த ஏரி.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நீரேற்று நிலையம் அமைத்து, குழாய் வழியே கேஜிஎஃப்புக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். சுரங்கமும் ‘லைன்’ வீடுகளும் அந்தத் தண்ணீரில்தான் ஓடின. விவசாயத்துக்கு வெட்டிய ஏரி, தங்கத்துக்கும் சேர்த்து இறைத்தது.

இப்போது என்ன நடக்குது?

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, பாரத் கோல்டு மைன்ஸுக்குச் சொந்தமான சுமார் 1,000 ஏக்கரில் உள்ள 13 மண் மேடுகளில் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு ஒப்புதல் தந்தது. ஒரு டன் மண்ணில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம். ஆனால் பாறையை ஏற்கெனவே அரைத்தாயிற்று, ஆழத்துக்கு இறங்க வேண்டியதும் இல்லை. தங்கம் விற்கிற விலைக்கு இது லாபக் கணக்குதான். ஜோகன்னஸ்பர்க்கில் பல பத்தாண்டுகளாக இதைச் செய்கிறார்கள்.

நல்லதும் இருக்கிறது. இந்த மேடுகள் இருக்கிற வரை காற்றடிக்கும் மாதங்களில் நுண்ணிய சிலிக்கா தூசு வீடுகளுக்குள் வரும். கோலார் தொழிலாளர்களிடம் சிலிக்கோசிஸ் நோய் 1940-களிலேயே ஆராயப்பட்ட ஒன்று. மேட்டை முறையாக அகற்றி, மிச்சத்தைப் பத்திரமாக மூடினால் ஊருக்கு நிம்மதி.

ஆனால் அந்த ‘முறையாக’ என்ற ஒரு வார்த்தையில்தான் எல்லாமே நிற்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் மேடுகளை உடைப்பது தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத்தான். மண்ணைச் சேறாக்கிக் குழாயில் அனுப்புவார்கள். இங்கே அதே முறை வந்தால் தண்ணீர் எங்கிருந்து? கோலார் மாவட்டத்தின் ஏரிகளை நிரப்ப, பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து அனுப்பும் நிலைமை 2018-இல் இருந்தே இருக்கிறது. குடிநீருக்கே டேங்கர் பார்க்கும் ஊரில், மறுபடி தங்கத்துக்கு முதல் குழாயா? வெட்டிய மண்ணை மறுபடி சயனைடில் போட்டால், இறுதியில் மிச்சமாகும் 3 கோடி டன் எங்கே போகும்? டெண்டர் தொகையை விட முக்கியமான கேள்விகள் இவை.

நீங்கள் ஏன் கவலைப்படணும்?

இந்த மலைகளைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து போன தமிழர்கள், அதிலும் பெரும்பாலோர் தலித் மக்கள். ‘தங்கலான்’ படம் இந்த வரலாற்றைத்தான் தொட்டது. கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்து 1930-இல் ஒட்டுமொத்தமாக வேலையை நிறுத்தியவர்கள் இவர்கள். சுரங்கம் மூடியபின் அவர்களின் பிள்ளைகள் விடிகாலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி திரும்புகிறார்கள். உங்கள் ஆபீஸிலேயே ஒருவர் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

மெரெரின் நாட்குறிப்பால், கல் சுமந்தவர்கள் என்றைக்கு எங்கே வேலை செய்தார்கள் என்பது இன்றும் நமக்குத் தெரிகிறது. கேஜிஎஃப் பற்றிய செய்திகளிலோ ‘எத்தனை டன் தங்கம், எத்தனை கோடி’ என்பதே தலைப்பு. எகிப்து ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றிய மாதிரி நாமும் மாற்றலாம்: வேலை யாருக்கு? லைன் வீடு யாருக்கு? தூசு யாருக்கு? பேத்தமங்களா தண்ணி யாருக்கு?

இந்த நான்குக்கும் பதில் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் வரவேண்டும். புல்டோசர் வந்தபிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.