பக்கத்து இருக்கையின் குரல்



விமானி தன் உணர்வை நம்பாமல் கருவியை நம்புகிறான், நீயும் அப்படியே செய் என்னும் உவமையைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மையே. மறுபாதியை அறிய, சிமுலேட்டர் என்னும் பாவனை விமானத்தினுள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

அசையும் சிமுலேட்டரின் பிறப்பில் ஆலயத்துக்குப் பழக்கமான பொருள் ஒன்று உண்டு. 1929-ல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையின் ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளைக் கொண்டு, தரையில் இருந்தபடியே சாய்ந்து திரும்பும் சிறு விமானக் கூண்டு ஒன்றை அமைத்தார். நம் ஆர்மோனியத்தில் காற்றை ஊட்டுவதும் துருத்திதானே! முதலில் அது பொருட்காட்சி விளையாட்டாகவே விலைபோனது. 1934-ல் அஞ்சல் சுமந்த இராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து மாண்ட பிறகே இராணுவம் ஆறு கூண்டுகளை வாங்கிற்று.

இன்றைய சிமுலேட்டர் ஆறு கால்களின்மேல் நிற்கிறது. ஓடுபாதையில் விமானம் வேகமெடுப்பதாக உணர்த்த, அறை முழுவதையும் மெல்லப் பின்னுக்குச் சாய்க்கிறார்கள். திரையின் காட்சியோ மட்டமாகவே இருக்கும். முதுகு இருக்கையில் அழுந்துவதை உடல் வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. நகராத அறையை விரைவதாக நம்பும் அதே உடல், இருளில் விரையும் விமானத்தை மூக்கு நிமிர்வதாகவும் நம்பிவிடும். ஆகையால்தான் கருவியை நம்பு என்கிறார்கள்.

ஆனால் 1978 ஜனவரி 1 இரவில் பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா'வில் பொய் சொன்னது கருவியே. விமானம் சமநிலைக்குத் திரும்பிய பின்னும் அது வலப்புறம் சாய்ந்திருப்பதாகவே தலைமை விமானியின் கருவி காட்டிற்று. அவர் இடப்புறம் சாய்த்துக்கொண்டே போனார். வெளியே இருண்ட அரபிக்கடல், அடிவானம் தெரியவில்லை. விமானப் பொறியாளர் வேறு கருவியைச் சுட்டிக்காட்டியும் காலம் கடந்துவிட்டது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

மறு ஆண்டே நாசா ஓர் ஆய்வை வெளியிட்டது. ரஃபெல் ஸ்மித் என்னும் ஆய்வாளர், பணியிலிருந்த விமானிக் குழுக்களை 747 சிமுலேட்டரில் ஏற்றி, இயந்திரக் கோளாறைக் கொடுத்து, அவர்கள் செய்வதைக் கவனித்தார். கைத்திறமைக் குறைவைவிட, தலைமையும் ஒருவரோடொருவர் பேசுவதும் தடுமாறியதே பெரும்பிழைகளுக்குக் காரணமாயிருந்தது.

2010 மே 22 அன்று மங்களூரில் இது நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. தரையிறங்காமல் மேலெழும்பும்படி துணை விமானி மூன்று முறை சொன்னார். தலைமை விமானி கேளாமல் இறக்கினார். 158 பேர் மாண்டார்கள், 8 பேர் பிழைத்தார்கள். மூத்தவர் பேசி முடிக்குமுன் இளையவர் வாய்திறப்பது மரியாதையன்று என்றே நாம் வளர்ந்திருக்கிறோம். நம் மூப்பர் கூட்டங்களிலும் அதுவே வழக்கம். லாஸ்பேட்டையில் வந்திறங்கும் சிறு விமானத்திலும் முன்னே இருவர் அமர்ந்திருக்கிறார்கள். அந்த இருவருக்கிடையே எவ்விதப் பேச்சு நடக்கிறது என்பது பின்னே அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளின் உயிரைத் தொடும் காரியம்.

நம் விமானிகள் ஆண்டுக்கு இருமுறை சிமுலேட்டரில் தேர்வு கொடுக்கிறார்கள். ஓர் இயந்திரம் நின்றபின் விமானத்தை இறக்கும் திறமைக்கு அங்கே கொடுக்கப்படும் அதே எடை, இளையவரின் சொல்லைக் கேட்கும் திறமைக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்பதே என் எண்ணம். தேர்வாளர் பின்னால் இருக்கையில் எவரும் பணிவோடு நடந்துகொள்வார் என்று சிலர் மறுக்கலாம். அது மெய்தான். எனினும் வழியில்லாமல் இல்லை. பதிலளிக்காதிரும் என்று தேர்வாளர் தலைமை விமானிக்கு மட்டும் இரகசியமாகச் சொல்லிவைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. இருமுறை அழைத்தும் பதில் வராவிட்டால் இளையவர் விமானத்தைத் தம் கையில் ஏற்க வேண்டும். அப்பயிற்சி இன்னும் அடிக்கடி நடக்கட்டும். அதிலும், தலைமை விமானி மயங்கியவராக அல்ல, விழித்திருந்தும் பிடிவாதமாயிருப்பவராக நடிக்கட்டும்.