பந்தைக் கொடுப்பவர்கள்

இவ்வாண்டு இலக்கியப் பரிசையொட்டிக் கிளம்பிய சண்டையில் இதழொன்று எழுதியிருக்கிறது: நம் எழுத்தாளர்கள் கால்பந்து அணியைப்போலத் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொடுத்துக்கொள்கிறார்களாம். பரிசு யாருக்குப் போனாலும் நமக்குக் கவலையில்லை. கால்பந்தை இப்படி இழிவுபடுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை.

பந்து கொடுப்பது என்னவென்று சென்னை எலியட்ஸ் கடற்கரையில், ஷ்மிட் நினைவுச் சின்னத்தருகே ஆடும் பையன்களைப் பார்த்தாலே தெரியும். கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு ஜோடிச் செருப்பு. மணல் காலை இழுக்கிறது. பந்தை வைத்திருப்பவனுக்குத் தானே அடிக்கத்தான் ஆசை. இடப்பக்கம் ஒருவன் கையைத் தூக்கியபடி தனியாக நிற்கிறான். கொடுத்தால் கோல் அவன் கணக்கில் போய்விடும். தெரிந்தேதான் கொடுக்கிறான். நம் இலக்கிய முகாம்களில் யார், எதை இப்படி விட்டுக்கொடுத்தார்கள்? அங்கே நடப்பது மொய், மதிப்புரைக்கு முன்னுரை.

விட்டுக்கொடுப்பது என்றதும் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்ற இந்தியா, செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில் அதே கொரியாவை 2-1 என்று வென்றது. அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். தலையில் தையலோடிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கைப் பயிற்சியாளர் ரஹீம் முன்கள நடுவில் இறக்கினார்; ஒரு கோல் அவருடையது. வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடிய நம் பீட்டர் தங்கராஜ், காய்ச்சலில் கிடந்து எழுந்துவந்து கோல் காத்தார். அதற்காக, முன்பு கோல் காத்த பிரத்யுத் பர்மன் வெளியே உட்கார்ந்தார். புற்றுநோயோடிருந்த ரஹீம் மறு ஆண்டே இறந்தார். தோல்வியை இவர்கள் ஒருவர் தலையில் ஒருவர் கட்டவில்லை; ஆளையும் இடத்தையும் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

2018-இல் சென்னையின் எஃப்.சி. கோப்பை வென்றபோதும் இதையே பார்த்தோம். இறுதியாட்டத்தின் மூன்று கோல்களில் இரண்டு, தடுப்பாட்டக்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியவை. அந்த அணியின் நடுக்களத்தில் எதிரணியின் பந்தைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் வியாசர்பாடி தனபால் கணேஷ். அந்த வேலை எந்தக் கோல் பட்டியலிலும் ஏறாது.

அந்நியமாதலை, அல்ஜீரியாவில் கோல்கீப்பராக இருந்த எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவிடமிருந்து வாங்கிக்கொண்ட நம் இருத்தலியல்காரர்கள், அறம் பற்றித் தாம் அறிந்ததற்குக் கால்பந்துக்கே கடன்பட்டிருப்பதாக அவர் சொன்னதை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்? தனியனே கலைஞன் என்ற மூடநம்பிக்கை அப்படி விட்டதிலிருந்துதான் நமக்குள் வேர்விட்டது. நம் இலக்கிய வரலாறுகள் கோல் போட்டவர்களின் பட்டியலாகவே இருக்கின்றன. மொழிபெயர்த்தவர், மெய்ப்புத் திருத்தியவர், மனைவியின் வளையலை அடகுவைத்து இதழ் நடத்தி நொடித்தவர் இவற்றில் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்? அடுத்த ஆண்டு ஒரு மெய்ப்புத் திருத்துநரை மேடையேற்றிப் பரிசைக் கொடுங்கள். அணி என்ற சொல்லை அதற்குப் பிறகு எடுங்கள்.