கைப்பையில் நாற்பது தோட்டா

2024 ஜூன் 2. மீனம்பாக்கம் விமான நிலையம். திருச்சிக்குப் போக வந்திருந்தார் நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான கருணாஸ். அவருடைய கைப்பை ஸ்கேனருக்குள் போனதும் எச்சரிக்கை ஒலி. திறந்து பார்த்தால் இரண்டு பெட்டிகளில் மொத்தம் 40 தோட்டாக்கள். துப்பாக்கி இல்லை.

அவர் சொன்ன விளக்கத்தில் சிக்கல் எதுவும் இல்லை. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது. மக்களவைத் தேர்தலையொட்டித் துப்பாக்கியை திண்டுக்கல் மாவட்டத்தில் போலீசிடம் ஒப்படைத்தாயிற்று. பைக்குள் தோட்டா கிடந்ததைக் கவனிக்கவில்லை. ஆவணங்களைச் சரிபார்த்தார்கள், தோட்டாக்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றைய திருச்சிப் பயணம் போனதுதான் மிச்சம்.

தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19-ம் தேதியே முடிந்துவிட்டது. ஆனால் எண்ணிக்கை ஜூன் 4-ம் தேதிதான். அதுவரை நடத்தை விதி நாடு முழுக்க அமலில் இருந்தது. ஓட்டுப் போட்டு ஆறு வாரம் ஆனாலும், துப்பாக்கி ஸ்டேஷனில்தான் இருக்கும்.

'நடிகர் சமாசாரம், நமக்கென்ன' என்று விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்கலாம். தென்சென்னைப் புறநகர் சீருடைக்காரர்கள் நிறைந்த பகுதி. தாம்பரத்தில் விமானப்படைத் தளம், பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம், பல்லாவரத்தில் கன்டோன்மென்ட். ஓய்வுக்குப் பிறகு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் முன்னாள் ராணுவத்தினர் நிறையப் பேர். சொந்தப் பெயரில் லைசென்ஸ் எடுத்தவர்களும் அவர்களில் உண்டு. இன்னொரு கூட்டம், தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து சேலையூரிலும் மேடவாக்கத்திலும் ஃபிளாட் வாங்கியவர்கள். தாத்தா தோப்புக் காவலுக்கு வாங்கிய துப்பாக்கி ஊர் வீட்டில் இருக்கும். அந்த வீட்டை விற்கும் நாள் வரை அதை யாரும் நினைப்பதில்லை.

லைசென்ஸ் என்றால் 'இவர் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்' என்று பொதுவாகக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எந்தத் துப்பாக்கி, அதன் எண் என்ன, எத்தனை தோட்டா, எந்த எல்லைக்குள் கொண்டுபோகலாம் என்று ஒவ்வொன்றும் அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். அடிப்படைச் சட்டம் 1959-ல் வந்த ஆயுதச் சட்டம். விதிகள் 2016-ல் புதிதாக எழுதப்பட்டன. 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன, லைசென்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகக் கூடியது. லைசென்ஸ்தாரர் ஒவ்வொருவருக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி எண்ணும் உண்டு.

அதைக் கொடுப்பது யார்? மாவட்டமென்றால் கலெக்டர். போலீஸ் கமிஷனர் உள்ள இடத்தில் அவர்தான் சட்டத்தின் பார்வையில் மாவட்ட மாஜிஸ்திரேட். கூடுவாஞ்சேரிக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் லைசென்ஸ் வாங்கியிருப்பார். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022 ஜனவரி 1-ல் தாம்பரம் போலீஸ் கமிஷனரேட் வந்தது. கூடுவாஞ்சேரி அதற்குள் போனது. வாசற்படி ஓர் அங்குலம் நகரவில்லை. கதவு தட்ட வேண்டிய அலுவலகம் மட்டும் இரண்டு தடவை மாறிவிட்டது. (தாம்பரம் கமிஷனரேட்டின் அலுவலகம் சோழிங்கநல்லூரில் தொடங்கப்பட்டது தனிக் கதை.) பழைய புத்தகத்தை வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும் தேதி வரும்வரை காத்திருக்காமல், தன் ஃபைல் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு நடை போய்க் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

மிக்ஸிக்கு ஜார், ரைபிளுக்குக் குழல்

ஐரோப்பாவில் வேட்டைக்காரர்கள் விரும்பி வாங்கும் ஒரு வகை ரைபிள் உண்டு. குழலைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். ஜெர்மனியின் பிளேசர் நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த 'ஆர்8' இதில் பேர்போனது. நம் வீட்டு மிக்ஸி மாதிரிதான். மோட்டார் ஒன்று; சட்னிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார். இங்கே கட்டையும் பூட்டும் ஒன்று; சின்ன மானுக்கு ஒரு குழல், காட்டுப்பன்றிக்கு இன்னொரு குழல். சாவி போன்ற ஒரு கருவியால் திருகினால் குழல் கையோடு வந்துவிடும். நீளமான பெட்டி வேண்டாம். சாதாரண சூட்கேஸ் அளவுக்குள் அடங்கும். ரயிலிலும் விமானத்திலும் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

அதை ஒருவர் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? நம் ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் ஆயுதத்தின் பாகங்களும் அடக்கம். மிக்ஸி வாங்கினால் ஜார் இனாம் என்பது இங்கே செல்லாது. கூடுதலாக ஒரு குழல் பெட்டியில் இருந்தால் அதற்கும் கணக்கு வேண்டும். கழற்றிப் பிரித்து வைத்திருக்கிறேன், சுடவே முடியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஐரோப்பியர்களும் இதில் அசட்டையாக இல்லை. ஜெர்மனியில் மாற்றுக் குழலும் உரிமையாளரின் அட்டையில் பதிவாக வேண்டும்; அங்கே நாடு விட்டு நாடு போக 'ஐரோப்பியத் துப்பாக்கி பாஸ்' என்று தனிப் புத்தகமே இருக்கிறது.

அதைவிடப் பெரிய கேள்வி, இங்கே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வேட்டை என்ற பொழுதுபோக்குக்கே இங்கு இடமில்லை. வண்டலூர் காப்புக்காட்டுப் புள்ளிமானை செல்போனில் மட்டும்தான் சுடலாம். 1877-ல் நீலகிரியில் வேட்டைக்காரர்கள் கூடித் தொடங்கிய சங்கம்கூட இன்று வன உயிரின, சுற்றுச்சூழல் சங்கம் என்ற பெயரில்தான் இருக்கிறது. 2021-ல் கூடலூர், மசினகுடி மக்களைத் தூங்கவிடாமல் செய்த டி23 புலியைத் தேடிப் பெரும்படையே இறங்கியது. மூன்று வாரத் தேடலுக்குப் பின் அது சிக்கியதும் மயக்க ஊசியில்தான்.

ஆக, இன்று புறநகரில் துப்பாக்கியோடு நியாயமாக ஊர் விட்டு ஊர் போகிறவர்களில் முக்கியமானவர்கள் விளையாட்டு வீரர்கள். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பறக்கும் தட்டைச் சுடும் 'டிராப்' போட்டியில் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணித் தங்கம் வாங்கினார், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 2020-ல் விதியைத் தளர்த்தினார்கள். சர்வதேசப் பதக்கம் வென்றவர்கள் 12 துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகள் பழகும் .177 ஏர் ரைபிளுக்கு, அதன் சக்தி 20 ஜூலைத் தாண்டாதவரை, லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அதைக் கைப்பையோடு விமானத்துக்குள் தூக்கிக்கொண்டு போகலாம் என்று எந்த அப்பாவும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

விமானத்தில் துப்பாக்கி போவது கவுன்ட்டரில் போடும் லக்கேஜில் மட்டுமே. டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு வழக்கத்தைவிட முன்னதாகப் போய், ஒரிஜினல் லைசென்ஸைக் காட்டி, குண்டு நிரப்பவில்லை என்று எழுதிக் கொடுத்து, பூட்டிய கெட்டிப் பெட்டியில் ஒப்படைக்க வேண்டும். தோட்டா பெட்டிக்குள் ஆடாமல் அடைத்திருக்க வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்து விதிப்படி ஒருவருக்கு 5 கிலோ உச்சவரம்பு. விமான நிறுவனங்கள் அதற்கும் கீழே வரம்பு வைக்கலாம்.

ரயிலானாலும் பஸ்ஸானாலும் லைசென்ஸ் கையிலேயே இருக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி எந்தப் போலீஸ் அதிகாரியும் அதைக் கேட்கலாம். அடுத்த பிரிவு இன்னும் சுவாரசியமானது. லைசென்ஸ் இருந்தாலும், கொண்டுபோகிற விதம் தப்பான காரியத்துக்கோ என்று நியாயமான சந்தேகம் தந்தால், ரயிலிலோ பஸ்ஸிலோ வேலை பார்ப்பவரே பிடித்து நிறுத்தலாம். டிக்கெட் பரிசோதகருக்கு அப்படியொரு அதிகாரம் இருப்பது அவருக்கே தெரியுமோ என்னவோ.

வெளிநாடு என்றால் இறங்கும் நாட்டின் அனுமதி மட்டும் போதாது. நடுவில் விமானம் மாறும் நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். தாம்பரம் பக்கத்திலிருந்து மகன், மகள் வீட்டுக்கு சிங்கப்பூர் போகிற அம்மா அப்பாக்கள் எத்தனையோ பேர். பிஸ்டல் வடிவத்தில் செய்த சிகரெட் லைட்டரையே அந்த நாடு உள்ளே விடுவதில்லை. பேரனுக்கு வாங்கிய விளையாட்டுத் துப்பாக்கியைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

மறதிக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

பையில் தோட்டா இருந்ததே தெரியாது என்றால் கோர்ட் கேட்குமா? கேட்கும். ஆயுதத்தை வைத்திருந்தார் என்று சொல்ல, அது தன்னிடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பழைய பையில் ஒற்றைத் தோட்டா கிடந்து விமான நிலையத்தில் மாட்டியவர்கள் மீதான வழக்குகளை டெல்லி ஹைகோர்ட் இந்த அடிப்படையில் பலமுறை ரத்து செய்திருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு கைக்கு வரும் வரை நடக்கிற நடையை யோசித்துப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர்., வக்கீல், வாய்தா, பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது கேள்வி. லைசென்ஸ் உள்ளவருக்காவது காட்ட ஒரு புத்தகம் இருக்கிறது. மச்சானின் பையை இரவல் வாங்கிக்கொண்டு போனவருக்கு அதுவும் இல்லை.

தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஒப்படைக்கிறவர்கள் தோட்டாவையும் எண்ணி அதோடு கொடுத்து ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டால் இந்த வம்பே இல்லை. துப்பாக்கியோடு போய்வந்த பையை மளிகைக்கோ, ஊருக்கோ எடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

இனி, பல குடும்பங்கள் கவனிக்காத இடத்துக்கு வருவோம். அப்பா காலமாகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பரணைச் சுத்தம் செய்யும்போது துணி சுற்றிய இரட்டைக்குழல் வெளியே வருகிறது. 'அப்பா ஞாபகமா இருந்துட்டுப் போகட்டும்டா' என்கிறார் அம்மா. மகனும் மறுபடி சுற்றி மேலே வைத்துவிடுகிறான். அங்கேதான் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று மாறுகிறது. அப்பா இருந்தவரை அது லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. இப்போது, அது இருப்பது தெரிந்தும் வீட்டில் வைத்திருக்கிற மகனிடம் லைசென்ஸ் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம். இங்கே 'தெரியாது' என்று சொல்லவும் வழியில்லை. கையால் சுற்றி வைத்தவனாயிற்றே.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். தாமதிக்காமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கலாம் என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. அதற்காகத் துப்பாக்கியைக் கோணியில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்து ஜி.எஸ்.டி. ரோட்டில் கிளம்பிவிட வேண்டாம். முதலில் ஸ்டேஷனுக்கு போன் செய்து, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். அப்பாவின் லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டும் கூடவே போகட்டும். வீட்டுக்கே வைத்துக்கொள்ள ஆசையா? சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

அப்பா இருக்கும்போதே இதை முடித்துவிடவும் விதியில் இடம் இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி அவரிடம் 25 வருடம் இருந்தாலோ, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது, வாரிசின் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரிகள் விசாரித்து எடுக்கும் முடிவு. மகனோ மகளோ வேண்டாம் என்றால் லைசென்ஸ் உள்ள கடைக்கு விற்றுவிடலாம். இந்தப் பேச்சை அப்பாவிடம் எடுப்பது சங்கடம்தான். சொத்துப் பத்திரம் பற்றிப் பேசுகிற அன்றைக்கே சேர்த்துப் பேசிவிட்டால் பாதி சங்கடம் குறையும்.

ஒப்படைத்ததும் தருகிற ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். பிறகு ரேஷன் கார்டு இருக்கிற கவரிலேயே அதையும் வைத்துவிடுங்கள்.