கலந்த குப்பையைக் கையால் பிரிக்கும் உத்தரவு: நமது சங்கத்தின் நிலைப்பாடு

வீடுகளிலிருந்து கலந்து வரும் குப்பையைத் தூய்மைப் பணியாளர்கள் வண்டியிலேயே பிரித்து நுண் உர மையத்தில் சேர்க்க வேண்டும், தவறினால் அன்றைய கூலியில் பிடித்தம் செய்யப்படும் என்ற சுற்றறிக்கை எல்லா வார்டுகளுக்கும் வந்துவிட்டது. இதற்கு முன் நடந்த பேச்சுவார்த்தைகளையும் அவற்றில் தந்த வாக்குறுதிகளையும் உறுப்பினர்கள் அறிவார்கள், திரும்ப எழுதவில்லை. நீண்ட விவாதத்துக்குப் பிறகு செயற்குழு வந்து சேர்ந்த முடிவு இது: குப்பையைத் தரம் பிரிப்பதைக் கொள்கை அளவில் வரவேற்கிறோம். அடுத்தவர் வீட்டுப் பையை அவிழ்த்துக் கைவிட்டுத் துழாவ மாட்டோம்.

பிரிக்க வேண்டியவர் யார் என்பதில் குழப்பமே இல்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டியவர் குப்பையை உண்டாக்குபவர்தான் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. அபாயக் கழிவு எது என்பதற்கும் பட்டியல் இருந்தது: காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, பேட்டரி, டியூப்லைட், பயன்படுத்திய ஊசி. நகரத்தில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என இவற்றைப் பெற மையங்கள் திறக்க வேண்டும் என்றும் அதே விதிகள் கூறின. அந்த மையங்களை ஏன் திறக்கவில்லை என்று கேட்டு யாருக்கும் சுற்றறிக்கை போகவில்லை; யார் கூலியிலும் பிடித்தம் நடக்கவில்லை.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த வார்டில் கேட்டாலும் ஊசி குத்தாத கையைக் காண்பது அரிது. முன்பு ஊசி என்றால் ஆஸ்பத்திரிக் குப்பை. இப்போது வீடே பாதி ஆஸ்பத்திரி. சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள், விரலில் குத்தி ரத்தம் பார்க்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஊசி போடப்படுகிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100க்கு 14 பேருக்கு மேல். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம்தான், நம் வீட்டுப் பெரியவர்களும் அதில் பயனடைகிறார்கள். ஆனால் வீட்டில் போட்ட ஊசி திரும்பிப் போக வழி எங்கே? கறுப்பு கவரில், சாம்பார் வடிந்த சோற்றோடு, நம் கைக்கு வருகிறது.

மருத்துவமனைக் கழிவுக்குத் தனி விதிகள், தனி வண்டி, குத்தினால் குறித்துவைக்கத் தனிப் பதிவேடு எல்லாம் உண்டு. அதே ஊசி வீட்டு வாசலைத் தாண்டினால் வெறும் குப்பை.

இன்சுலின் ஊசியில் ஒட்டும் ரத்தம் மிகக் குறைவு, பீதி வேண்டாம் என்று நாம் ஆலோசித்த மருத்துவர்கள் சொன்னார்கள். ஏற்கிறோம். ஆனால் பையில் கிடக்கும் ஊசி எதற்குப் போட்டது, யாருக்குப் போட்டது என்று குத்துப்பட்டவருக்கு எப்படித் தெரியும்? ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால், 100க்கு 6 முதல் 30 பேர் வரைக்கும் தொற்று வரலாம். எச்.ஐ.வி. என்றால் 1,000க்கு 3 பேர். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாளாவது உயிரோடிருக்கும். கல்லீரலை அரிப்பது பல வருடம் கழித்துத் தெரியவரும். அதற்குள் ஒப்பந்ததாரர் எத்தனை பேர் மாறியிருப்பார்களோ! ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் நாடு முழுவதற்கும் வந்தது 2011இல்தான். இன்று வண்டி தள்ளும் நம்மில் யாரும் அப்போது கைக்குழந்தை இல்லை. 6 மாதத்தில் 3 தவணை, அவ்வளவுதான். அதைக்கூடப் போடாமல், பையைத் திற என்கிறார்கள்.

கிளவுஸ் கொடுத்தாயிற்று என்பது நிர்வாகத்தின் பதில். அந்த கிளவுஸ் ஈரத்துக்கே தாங்காது. ஊசி அதைத் துணியைத் துளைப்பதுபோல் துளைக்கும்.

உடைந்த டியூப்லைட்டின் பாதரசம், நாப்கின், டயப்பர், மழைநாளில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சல் ஆகியவையும் நமது ஆட்சேபத்தில் அடங்கும். குப்பை எரியும் புகை பற்றி, 2022இல் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததைக் கண்ட பிறகு, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குடியிருப்போர் நலச்சங்கங்களை எதிரிகளாகக் கருதவில்லை. பிரித்துத் தரும் வீடுகளும் இருக்கின்றன, அவர்களுக்கு நன்றி. முதியோர் தனித்திருக்கும் வீடுகளில் இயன்றவரை ஒத்துழைக்கலாம் என்பதும் செயற்குழுவின் கருத்து. ஆனால், “அதற்குத்தானே உங்களுக்குச் சம்பளம்” என்று மாடியிலிருந்து கவரை வீசுபவர்களிடம் ஒத்துழைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த வேலைக்கு எந்தச் சாதிக்காரர்களை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது உத்தரவு போட்டவருக்கும் தெரியும், கவரை வீசுபவருக்கும் தெரியும். இந்த வாக்கியத்தை நீக்கிவிடலாம் என்று சிலர் கோரினர். பெரும்பான்மை முடிவின்படி நீக்கவில்லை.

வேலைநிறுத்தம் பற்றி இப்போதைக்கு முடிவெடுக்கவில்லை. நிர்வாகத்தின் பதிலைப் பொறுத்து பொதுக்குழு கூடும். அதுவரை கலந்த பையைக் கட்டியபடியே தனியாக ஏற்றுங்கள். மையத்தில் இறக்க விடாவிட்டால் மேஸ்திரியை எழுதித் தரச் சொல்லுங்கள். நாம் கேட்பது பெரிதில்லை: நிரந்தரம், ஒப்பந்தம், தினக்கூலி என்று பார்க்காமல் எல்லோருக்கும் தடுப்பூசி, ஊசிகளைத் திரும்பப் பெற மருந்துக்கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பெட்டி, குத்துப்பட்ட நாளுக்கும் சிகிச்சை நாட்களுக்கும் முழுக் கூலி. பெட்டி வரும்வரை வீட்டார் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடி, மேலே ‘ஊசி’ என்று எழுதிக் கையில் தரட்டும்.

ஊசி குத்தினால் கசக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மஸ்டர் போகும், மேஸ்திரி திட்டுவார் என்று சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம். சுற்றறிக்கையின் கீழே “படித்து ஏற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். கேட்டவர் யார், எந்த வார்டு என்று அன்றே சங்கப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.