வீழ்ந்த பின்னும் குறி தவறாதா?

துப்பாக்கியின்மேல் பொருத்தப்படும் தூரதர்சினி கீழே விழுந்து உடைந்துபோனால் அதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. உடைந்ததைப் போர்வீரன் கண்ணால் கண்டு விலக்கிவிடுவான். விழுந்தும் உடையாமல், கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லாமல், இம்மியளவு நிலைபெயர்ந்து நிற்கும் கருவியே அபாயகரமானது. அது தன்னை நம்பியவனிடம் பொய் சொல்லுகிறது.

இம்மியளவுதானே என்று அலட்சியம் செய்வோர் கணக்கைப் பார்க்கட்டும். குழலைத் தாங்கும் இரு வளையங்களுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்று, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும், 300 மீட்டருக்கப்பால் குண்டு 30 சென்டிமீட்டர் விலகிவிடும். பகைவனைக் குறித்த குண்டு நிரபராதியின் மார்பில் பாய்வதற்கு இது போதாதா?

இது புதிதாய்க் கண்ட உண்மையன்று. 1914-18 மகாயுத்தத்தில் பிரெஞ்சுப் போர்முனையிலிருந்த ஹெஸ்கெத் பிரிச்சார்ட் என்னும் ஆங்கில அதிகாரி, பிரிட்டிஷ் படையினரிடமிருந்த தூரதர்சினிகளில் பல குறி பிசகியிருந்ததைக் கண்டறிந்து வெளியிட்டார். அடுத்த யுத்தத்திலோ, ‘4-ஆம் எண்’ துப்பாக்கிக்கு ஒவ்வொரு தூரதர்சினியும் தனித்தனியே பொருத்திச் சரிபார்க்கப்பட்டது. அதன் எண் துப்பாக்கிக் கட்டையிலேயே பொறிக்கப்பட்டது. கழற்றி வைக்க உலோகப் பெட்டியும் தரப்பட்டது.

இன்று வியாபாரிகள் பலர், அமெரிக்க ராணுவத்தின் 810 என்ற பரீட்சை விதியில் தங்கள் சரக்குத் தேறிவிட்டதாகப் பறைசாற்றுகிறார்கள். கையில் எடுத்துச் செல்லும் பொருளை 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை என 26 முறை விழச்செய்யும் முறை அவ்விதியில் உண்டு. ஆனால் எதைத் தேர்ச்சி என்று கொள்வது என்பது அந்தந்தப் பொருளுக்கேற்ப வகுக்கவேண்டியது. விழுந்த பின் கண்ணாடி உடையவில்லை என்பதே தேர்ச்சியானால், அந்தப் பரீட்சையால் போர்வீரனுக்கு என்ன பயன்?

உண்மையான பரீட்சை கடினமன்று. முதலில் பல குண்டுகள் சுட்டு அவற்றின் மத்தியைக் குறித்துக்கொள்ளவேண்டும். பின்பு தோட்டாக்களை அகற்றிவிட்டுத் துப்பாக்கியைத் தூரதர்சினியோடு பல பக்கங்களிலும் விழச்செய்யவேண்டும். ஒரு திருகையும் தொடாமல் மறுபடியும் சுட்டு, மத்தி எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கவேண்டும். ஒரே குண்டை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. சுடுபவன் கை நடுங்கியதும் கருவியின் குற்றமாகிவிடும். பிசகியது வளையமா, குழலின் உட்பகுதியா என்பதையும் பிரித்தறியவேண்டும். பரீட்சைக்குரிய கருவிகளை விற்பவன் பொறுக்கித் தரலாகாது. வாங்குவோரே குவியலிலிருந்து எடுக்கவேண்டும்.

எந்தத் தேசத்துச் சர்க்காராயினும், தன் படைக்கு இக்கருவியை வாங்குமுன் இவ்வளவும் செய்து முடிவை ஏட்டில் பதிவுசெய்வது அதன் கடமை. பாறையில் சறுக்கி விழும் வீரன், தன் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்துவிடுவான். தூரதர்சினியின் உள்ளத்தை அவன் தடவிப் பார்க்க முடியாது. அவனுக்காக அதைப் பார்க்கவேண்டியவர்கள், பொதுஜனங்களின் பணத்தைக் கொடுத்து அதை வாங்குகிறவர்களே. மலைச்சரிவில் நடக்கப்போகும் பரீட்சை முதலில் பரீட்சைச் சாலையில் நடக்கட்டும்.