உப்பங்காற்றும் பழைய புல்லட்டும்

மழைக்காலம் வந்துவிட்டால் சமையலறையில் உள்ள உப்பு ஜாடி வியர்க்கத் தொடங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜாடியில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை; உப்பே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஈரம் 100-க்கு 75 என்ற அளவை எட்டிவிட்டால் சுத்தமான உப்புங்கூடக் கசியத் தொடங்கும் என்பது ரசாயன நூலார் கண்ட முடிவு. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ அதற்கு வெகு முன்பே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இந்தச் சிறு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிளின் அருகே போவோம்.

சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில், விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்பவர்கள் அங்கே பாத்தி பாத்தியாக உப்பளங்கள் விரிந்து கிடப்பதையும், வெண்ணிறக் குவியல்கள் வெயிலில் கண்ணைப் பறிப்பதையும் கண்டிருப்பார்கள். அவ்வூரில் வீசும் காற்றிலே உப்பு இருக்கிறது. அந்த உப்பு எதன்மேல் படிந்தாலும் அதை உலரவிடுவதில்லை. இத்தகைய ஊரில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில், தகப்பனார் காலத்துப் புல்லட் வண்டி ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். உதைத்தால் கிளம்புவதில்லை, கிளம்பினாலும் நின்றுவிடுகிறது. "வண்டிக்கு வயதாகிவிட்டது, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் குற்றம் வயதினுடையதன்று. கைக்குள் அடங்கும் கார்புரேட்டர் ஒன்றில் சேர்ந்த அழுக்கினுடையது.

புல்லட்டின் கதையே சுவையானது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த வண்டி அது. 1955-ல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் வெளிநாட்டு உறுப்புக்களைப் பூட்டி முடித்தவர்கள், சில ஆண்டுகளில் அவற்றை இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. சிறிது காலத்தில் ஆங்கிலக் கம்பெனியே மறைந்தது. திருவொற்றியூரிலோ வேலை நிற்கவில்லை. 1977-ல் அங்கிருந்து புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின! தாய்வீட்டில் மறைந்துபோன ஒரு கைத்தொழிலை நம்மவர் காப்பாற்றினார்கள் என்றால் அது மிகையாகாது. அப்படிப்பட்ட வண்டியை ஒரு துளி அழுக்குக்காகத் துறப்பது நியாயமா?

கார்புரேட்டரின் வேலை என்ன? பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எஞ்சினில் சரிவர எரியாது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று சேர்ந்து, பனித்துளிபோல் கலந்தால்தான் எரியும். கார்புரேட்டரின் தொண்டை ஒடுங்கியிருப்பதால் அங்கே காற்று வேகமாக ஓடுகிறது. வேகம் மிகும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை நுண்துளை வழியாக மேலே இழுக்கிறது. அத்துளையுள்ள பித்தளைத் திருகுக்கு ஜெட் என்று பெயர். வண்டி நின்றபடி ஓடும்போது பெட்ரோல் தருவது பைலட் ஜெட். முழு வேகத்தில் தருவது மெயின் ஜெட். இடைப்பட்ட வேகங்களை ஏறி இறங்கும் ஊசியொன்று கவனித்துக்கொள்கிறது.

கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் மாறாமல் இருக்கவேண்டும். உப்பளத் தொழிலாளி மடையைத் திறந்தும் அடைத்தும் பாத்தியில் நீர் மட்டத்தைக் காக்கிறார் அல்லவா? அந்தக் காவல் வேலையை இங்கே ஒரு மிதவை செய்கிறது. மட்டம் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து மடையை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும்.

இனி, சுத்தம் செய்யும் முறையைப் பார்ப்போம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். அருகில் அடுப்போ, விளக்கோ, பீடியோ கூடாது. பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கார்புரேட்டரின் வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். உப்புப் படிவு உள்ளே விழாமலிருப்பதற்கே இந்த முன்னெச்சரிக்கை. பிறகு கழற்றி, ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து, உறுப்புக்களை வரிசை தவறாமல் வையுங்கள்.

கிண்ணத்தைத் திறந்ததும் மூன்று நிறங்கள் தென்படக்கூடும். பழுப்பு நிறப் பிசின் கண்டால், பெட்ரோல் நெடுநாள் தேங்கிக் காய்ந்துவிட்டது என்று பொருள். பச்சை கண்டால் பித்தளை களிம்பேறியிருக்கிறது. வெண்பொடி கண்டால் கார்புரேட்டரின் உடலே அரிக்கப்படுகிறது. ஏனெனில், 1927-ல் பர்மிங்ஹாமில் மூன்று கம்பெனிகள் இணைந்து உண்டான அமால் கம்பெனியின் பழைய கார்புரேட்டர்கள் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்க்கப்பட்டவை. துத்தநாகமும் பித்தளையும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டால் மின்கலம்போல் ஆகித் துத்தநாகம் கரைந்துபோகும். கடலோரத்து வண்டிக்கு வரும் தனி வியாதி இது.

பித்தளை மெதுவானது, ஆகவே ஜெட்டின் வெட்டுக்கு அளவான திருப்புளியால்தான் கழற்றவேண்டும். அதன் துளையை எஃகுக் கம்பியால் குத்துவது பெரும் பிழை. பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு கீறல் விழுந்தாலும் அளவு கெட்டுவிடும். மரக்காணத்து மீனவர்களிடம் கிடைக்கும் மெல்லிய நைலான் தூண்டில் நரம்பே போதும். கரைப்பானில் ஊறவைத்து, நரம்பை நுழைத்து, காற்றுப் பம்பினால் ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; துளை வட்டமாக ஒளிரவேண்டும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலப்புக் கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. திரும்பப் பூட்டும்போது நட்டுகளை வெறிகொண்டு முறுக்கலாகாது. விளிம்பு வளைந்தால் இடுக்கு வழியே காற்றுப் புகும். பிறகு எந்தத் திருகைத் திருப்பியும் பயனில்லை.

இக்காலத்தில் புதிய தொல்லையொன்றும் சேர்ந்திருக்கிறது. 2022-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயம் 100-க்கு 10 பங்கு கலக்கும் நிலை வந்தது. 2025-ல் அது 20 பங்காயிற்று. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் நீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். பழைய ரப்பர் வளையங்களை ஊதவைக்கும், துத்தநாகத்தையும் அரிக்கும். உப்பங்காற்று வெளியிலிருந்து செய்வதை இது உள்ளிருந்து செய்கிறது. ஆகையால், எத்தனாலைத் தாங்கும் வளையங்களை மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி இரண்டு வாரத்துக்கு மேல் நிற்குமானால் கிண்ணத்தை வடித்துக் காலி செய்துவிடுங்கள். தவிரவும், எத்தனாலில் பிராணவாயு இருப்பதால், பழைய அளவு ஜெட்டுக்குக் காற்று சற்று மிகுந்து எரிபொருள் குறைந்துபோகும். வண்டி சூடேறி இழுவை குன்றினால், ஊசியை ஒரு படி உயர்த்துவது பலன் தரும்.

கடைசியாகச் சுருதி சேர்க்கவேண்டும். வண்டியைப் பத்து நிமிஷம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். காற்றுத் திருகை மெதுவாக முடியும்வரை உள்ளே திருப்பி, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, எஞ்சின் எந்த இடத்தில் அதிக வேகமாகவும் ஒரே சீராகவும் துடிக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அதன்பின் வேகத் திருகைத் தளர்த்தி, புல்லட்டுக்கே உரிய நிதானமான "டப், டப்" ஓசைக்குக் கொண்டுவாருங்கள். சில நாள் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், இளம் பழுப்பானால் இரண்டும் ஒத்திருக்கின்றன.

2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபின், புதிய புல்லட்டுகளில் கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு மூளை பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. காற்றுக்கு அது நன்மை, குறை சொல்வதற்கில்லை. ஆனால், காதால் கேட்டுக் கையால் திருத்தும் வித்தையை இனிப் புது வண்டிகள் யாருக்கும் கற்பிக்கப் போவதில்லை. ஊருக்கு ஊர் இருக்கும் வயதான மெக்கானிக்குகளிடந்தான் அது மிஞ்சியிருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளை, பெண்களையுந்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். வண்டி ஓடுவது மட்டும் லாபமன்று. பழுதானதைத் திருத்தலாம் என்னும் தைரியம் ஒரு குடும்பத்தில் நிலைப்பதே பெரிய லாபம்.